ஆகஸ்ட் 16-இல் உடைந்த மூன்று கியூப்கள்



காலை நடைக்குக் கடற்கரைச் சாலைக்கு வரும் நம்மைப் போன்ற ஓய்வூதியக்காரர்களுக்குக் கடல் அரிப்பைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சின்ன வயதில் கால் புதையப் புதைய நாம் நடந்த புதுச்சேரி மணல், நம் கண்ணெதிரேதான் போயிற்று. அரியாங்குப்பம் ஆறு கடலில் சேரும் இடத்தில் 1980-களின் கடைசியில் துறைமுகத்துக்காகக் கல்லைக் கொட்டி அலைதடுப்புக் கரைகளைக் கட்டினார்கள். நம் பக்கத்துக் கடலில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கேயிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். குறுக்கே மறித்ததும் தெற்கே வீராம்பட்டினம் பக்கம் மணல் சேர்ந்தது. வடக்கே நகரத்துக்கு வர வேண்டிய மணல் வரவில்லை. பிறகு கருங்கற்களைக் கொண்டுவந்து அடுக்கினார்கள். அரிப்பு இன்னும் வடக்கே, மீனவர் குப்பங்களுக்குப் போயிற்று.

கருங்கல் போட முடியாத இடங்களில், அல்லது மண்ணைத் தாங்கிப் பிடிக்கச் செங்குத்தான சுவர் வேண்டிய இடங்களில், கம்பி கட்டிய கான்கிரீட்டைப் போடுவார்கள். அந்தக் கான்கிரீட் பலமானதா என்று எப்படிச் சோதிக்கிறார்கள் என்பதுதான் இன்று நான் எழுத வந்தது. நான் பொறியாளர் இல்லை. எல்.டி.சி.யாகச் சேர்ந்து யு.டி.சி.யாகி, சூப்பிரண்டென்டாக ஓய்வு பெற்ற குமாஸ்தா. ஆனால் பல வருடங்கள் கட்டுமான வேலைகளின் பில்லைச் சரிபார்க்கும் மேசையில் உட்கார்ந்திருந்தேன். கான்கிரீட்டை நான் பார்த்ததைவிட, கான்கிரீட்டைப் பற்றி எழுதியிருந்த காகிதத்தைப் பார்த்ததுதான் அதிகம். அந்தக் காகிதத்துக்கு என்ன மதிப்பு என்பது எனக்குத் தெரியும்.

முதலில் கியூப் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். மிக்ஸரிலிருந்து கலவை வெளியே வரும்போதே அதில் கொஞ்சம் எடுத்து, 15 சென்டிமீட்டர் நீளம், அகலம், உயரம் உள்ள இரும்புப் பெட்டியில் போடுவார்கள். ஒரேயடியாகக் கொட்டக் கூடாது. மூன்று அடுக்காகப் போட்டு, ஒவ்வொரு அடுக்கையும் 16 மில்லிமீட்டர் கம்பியால் 35 குத்து குத்த வேண்டும். மேலே கரணையால் மட்டம் செய்து, மறுநாள் பெட்டியைக் கழற்றி, கட்டியைத் தண்ணீருக்குள் வைக்க வேண்டும். அப்படி ஒரு கட்டி சுமார் எட்டு கிலோ இருக்கும். 28 நாள் கழித்துத் தண்ணீரிலிருந்து எடுத்து, ஈரத்தோடேயே இயந்திரத்தில் வைத்து நசுக்குவார்கள். ஒரு மாதிரிக்கு மூன்று கட்டிகள். மூன்றின் சராசரிதான் கணக்கு.

எம்-20 என்ற கலவைக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 200 கிலோ தாங்க வேண்டும். கட்டியின் ஒரு முகம் 225 சதுர சென்டிமீட்டர். பெருக்கிப் பாருங்கள், 45,000 கிலோ. அதாவது 45 டன். ஒரு கையால் தூக்கிவிடக்கூடிய கட்டியின் மேல் பத்து யானையை ஒன்றின்மேல் ஒன்றாக நிறுத்துவதுபோல.

இந்தச் சோதனையில் ஏமாற்ற எத்தனையோ வழி உண்டு என்று என் ஜே.இ. நண்பர் ஒருவர் சொல்லிக் கொடுத்தார். கட்டியைக் காயவிட்டு நசுக்கினால் ஈரக் கட்டியைவிடக் கூடுதலாகக் காட்டும். சுமையைப் படிப்படியாக ஏற்றாமல் அவசரமாக ஏற்றினாலும் கூடுதலாகக் காட்டும். எல்லாவற்றையும்விட எளிய வழி, கியூபுக்கு மட்டும் சிமெண்டு அதிகம் போட்டுத் தனிக் கலவை போடுவது. சுவரில் போவது ஒன்று, பெட்டியில் போவது ஒன்று. "பரீட்சைக்குப் பதில் ஆளை அனுப்பற மாதிரி சார்" என்பார் அவர்.

நான் படித்தது பிரெஞ்சு மொழிப் பள்ளிக்கூடம். கணக்கு, அறிவியல் எல்லாமே பிரெஞ்சில்தான். பிரான்சில் கியூபுக்குப் பதிலாக நீள உருளையை வார்ப்பார்கள். 16 சென்டிமீட்டர் விட்டம், 32 சென்டிமீட்டர் உயரம் என்பது அவர்களுடைய பழைய அளவு. அதற்கு 'எப்ருவெத்' என்று பெயர். பள்ளியில் நாங்கள் எழுதிய தேர்வுக்கு 'எப்ரேவ்' என்று பெயர். மனிதனுக்கு வரும் கஷ்ட காலத்துக்கும் அதே 'எப்ரேவ்'தான். நம் தமிழிலும் சோதனைச் சாலையில் நடப்பதும் சோதனை, சாமி கொடுப்பதும் சோதனை. இரண்டு மொழியிலும் ஒரே சொல் இரண்டு வேலை செய்கிறது. கடற்கரைக் கான்கிரீட்டுக்கு இந்த இரண்டு சோதனையும் உண்டு. ஆய்வகத்தில் நடப்பது முதல் சோதனை. இரண்டாவதைக் கடல் நடத்தும்.

இனி என் மேசைக்கு வந்த ஒரு பில்லைப் பற்றிச் சொல்கிறேன். அலுவலகத்தின் பெயரும் ஒப்பந்தக்காரரின் பெயரும் வேண்டாம். நகரத்துக்கு வடக்கே ஒரு மீனவர் குப்பம். அலை வீட்டு வாசல்வரை வந்துகொண்டிருந்ததால் கடல் பக்கம் கம்பி கட்டிய தாங்குசுவர் ஒன்று போட்டார்கள். 1994-ஆம் வருடம். வேலை முடிந்து பில் வந்தது. அதோடு கியூப் பதிவேடு. வார்த்த தேதி, சோதித்த தேதி, மூன்று கட்டிகளின் எண்ணிக்கை, சராசரி எல்லாம் அழகான கையெழுத்தில் இருந்தன. ஒரு வரிகூடத் தேறாதது இல்லை.

குமாஸ்தாவுக்கு எம்-20 தெரிய வேண்டியதில்லை, நாள்காட்டி தெரிந்தால் போதும். 28 நாள் என்பது சரியாக நான்கு வாரம். ஆகவே செவ்வாய்க்கிழமை வார்த்த கட்டியைச் செவ்வாய்க்கிழமைதான் உடைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வார்த்தால் 28-ஆம் நாளும் ஞாயிறு. ஆய்வகம் பூட்டியிருக்கும், மறுநாள்தான் உடைப்பார்கள். நான் எப்போதும் தேதிகளை இப்படிப் பார்த்துக்கொண்டே போவேன். இந்தப் பதிவேட்டில் கிழமையெல்லாம் சரியாகவே இருந்தது. ஒரு வரியில் மட்டும் வார்த்த தேதி ஜூலை 19, சோதித்த தேதி ஆகஸ்ட் 16. இரண்டும் செவ்வாய். கணக்கு சரி.

ஆனால் ஆகஸ்ட் 16 நமக்கு என்ன நாள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1954 நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் கைமாறினாலும், சட்டப்படி நாம் இந்தியாவோடு சேர்ந்தது 1962 ஆகஸ்ட் 16-இல்தான். அன்று புதுச்சேரியில் அரசு விடுமுறை. வெளியூர்க்காரர்களுக்கு 15-ஆம் தேதி தெரியும், 16 தெரியாது. கியூப் உடைத்ததாகச் சொன்ன ஆய்வகம் நம் ஊரில்தான் இருந்தது. அன்று அங்கே பூட்டுத்தான் தொங்கியிருக்கும்.

ஒப்பந்தக்காரரின் ஆள் பில்லைப் பற்றி விசாரிக்க வந்தபோது கேட்டேன்.

"தம்பி, ஆகஸ்ட் 16 அன்னிக்கு லேப்ல யார் இருந்தாங்க?"

"ஏன் சார்? லீவு 15-ந் தேதிதானே?"

அவருக்கு ஊர் வெளியே. அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை. கோப்பில் ஒரு குறிப்பு எழுதினேன். 'இந்தத் தேதி அரசு விடுமுறை நாள். இந்த மூன்று கியூப்களின் முடிவைச் சரிபார்த்த பிறகு பில்லைப் பரிசீலிக்கலாம்.' இவ்வளவுதான். கான்கிரீட் மோசம் என்றோ, யாரோ பொய் எழுதினார்கள் என்றோ எழுதவில்லை. எனக்குத் தெரிந்தது தேதி மட்டும்தான்.

பக்கத்து மேசை அண்ணன் மெதுவாகச் சொன்னார். "ஏம்ப்பா, மூணு கியூபுக்காக உனக்கு ஏனாம் வேணுமா, மாஹே வேணுமா?" நம் அரசாங்கத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் பொருள் புரியும். என் பெரிய பெண் அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் அம்மா படுக்கையில் இருந்தார். இருந்தாலும் எழுதின குறிப்பைக் கிழிக்க மனம் வரவில்லை.

செயற்பொறியாளர் கோப்பைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "நீங்க எழுதினது தேதியைப் பத்தி மட்டும்தானே?" என்றார். ஆமாம் சார் என்றேன். "அப்ப அப்படியே இருக்கட்டும். சுவத்தையே கேட்டுடலாம்" என்றார்.

சுவரைக் கேட்பது என்றால் கோர் எடுப்பது. முனையில் வைரத்துகள் பதித்த குழாயைச் சுழலவிட்டு, கெட்டியான சுவரிலிருந்து உருளை வடிவத்தில் ஒரு துண்டைத் துளைத்து எடுப்பார்கள். அதையும் இயந்திரத்தில் நசுக்குவார்கள். உருளையும் கியூபும் ஒரே எண்ணைக் காட்டாது. அதே கான்கிரீட்டில் நீள உருளை கியூபைவிடக் குறைவாகத்தான் காட்டும், ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு. அதனால் கியூப் கணக்குக்கு மாற்றிக்கொள்ள ஒரு வாய்பாடு உண்டு. மாற்றிய பிறகு, மூன்று கோர்களின் சராசரி கேட்ட பலத்தில் 85 சதவீதமாவது இருக்க வேண்டும். எந்த ஒன்றும் 75 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. எம்-20-க்குச் சராசரி 17, குறைந்தது 15.

கோர் எடுத்த அன்று கோப்போடு நானும் ஜீப்பில் போனேன். ஜூலை 19-ஆம் தேதி வார்த்த பகுதிக்கு நேர் பின்னால் ஒரு ஓட்டு வீடு. அந்த வீட்டு அம்மா வெளியே வந்து இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். மீன் கூடையை இடுப்பில் வைத்திருந்தார்.

"புதுச் சுவத்துல ஓட்டை போடுறீங்களே சார், அது வழியா தண்ணி வராதா?"

"அடைச்சிடுவாங்கம்மா. சுவர் நல்லா இருக்கான்னு பார்க்கத்தான்."

"நீங்க பார்த்துட்டு ஜீப்புல போயிடுவீங்க. நாங்க இதுக்குப் பின்னாடிதான் படுக்கணும்."

நான் பதில் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது?

மூன்று கோர்களில் இரண்டு தேறின. மூன்றாவது 15-ஐத் தொடவில்லை. வெளியே எடுக்கும்போதே அதன் அடிப்பக்கம் தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். கலவையைச் சரியாகக் குத்தி இறக்காமல் விட்டால் ஜல்லிக்கு நடுவே அப்படி இடம் விட்டுப்போகும். அந்தத் துண்டு முழுவதையும் இடித்துத் திரும்பப் போடச் சொல்லி உத்தரவாயிற்று. ஒப்பந்தக்காரர் தன் செலவில் போட்டார். பில் மூன்று மாதம் கழித்துப் பாஸானது. அடுத்த வருடம் எனக்கு மாஹேவுக்கு மாறுதல் வந்தது. இதற்கும் அதற்கும் தொடர்பு உண்டா என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டு வருடம் கழித்துத் திரும்பி வந்தேன்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். நல்ல குமாஸ்தா ஒருவன் இருந்தான், சுவர் பிழைத்தது என்று முடித்து என்ன பயன்? முக்கியமானது பிறகு பார்த்ததுதான்.

2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் அடித்ததை நாம் யாரும் மறக்கவில்லை. அப்போது நான் ஓய்வு பெற்றுவிட்டேன். சில மாதம் கழித்து, ஒரு கல்யாணத்துக்கு அந்தப் பக்கம் போனபோது சுவரைப் பார்க்க இறங்கினேன். என் ஜே.இ. நண்பரும் கூட இருந்தார். இடித்துத் திரும்பப் போட்ட துண்டு நன்றாக நின்றது. அதற்கு அடுத்த துண்டு, கியூப் முடிவுகள் எந்தச் சந்தேகமும் இல்லாமல் தேறிய துண்டு, நெடுக்கே வெடித்திருந்தது. வெடிப்பு வழியாகச் செம்பழுப்புக் கறை வழிந்தது. ஒரு இடத்தில் கான்கிரீட் செதில் செதிலாக உதிர்ந்து உள்ளே இருந்த கம்பி தெரிந்தது. விரல் கனம் இருந்த கம்பி பென்சில் கனமாகித் துருத் துகளாக உதிர்ந்தது.

புயல் இதைச் செய்யவில்லை. புயல் காட்டிக்கொடுத்தது, அவ்வளவுதான். நண்பர் ஸ்கேலை எடுத்துக் கம்பிக்கு முன்னால் எவ்வளவு கான்கிரீட் இருந்தது என்று அளந்தார். ஓர் அங்குலம்கூட இல்லை.

"கலவையில குறை இல்லை சார். கியூபும் பொய் இல்லை. கவர்தான் இல்லை" என்றார்.

கவர் என்றால் கம்பிக்கும் வெளி முகத்துக்கும் நடுவே இருக்கும் கான்கிரீட்டின் கனம். நல்ல கான்கிரீட்டுக்குள் காரத்தன்மை அதிகம். அந்தக் காரத்தில் கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் உண்டாகி அதைத் துருவிலிருந்து காக்கும். கடல் உப்பு நுண்துளைகள் வழியாக உள்ளே ஊறி ஊறி ஒரு நாள் கம்பியைத் தொடும்போது அந்தப் படலம் உடைகிறது. கம்பி துருப்பிடிக்கிறது. துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். உள்ளேயிருந்து தள்ளும். கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்குமே தவிர இழுப்பைத் தாங்காது. அதனால் வெடிக்கிறது. வெடித்த வழியாக இன்னும் உப்பு போகிறது.

எப்போதும் தண்ணீருக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கும் பகுதியைவிட, அலை அடித்து நனைந்து, வெயிலில் காய்ந்து, மறுபடி நனையும் பகுதிதான் சீக்கிரம் கெடும். துருவுக்குத் தண்ணீரும் காற்றும் வேண்டும், படலத்தை உடைக்க உப்பு வேண்டும். மூன்றும் அங்கேதான் ஒன்றாகக் கிடைக்கின்றன. தாங்குசுவர் நிற்கும் இடமும் அதுதான்.

பிரெஞ்சில் கம்பி கட்டிய கான்கிரீட்டுக்கு 'பெத்தோன் ஆர்மே' என்று பெயர். ஆயுதம் தரித்த கான்கிரீட் என்று பொருள். லாம்போ என்ற பிரெஞ்சுக்காரர் 1848-இலேயே கம்பி வலையும் சிமெண்டும் சேர்த்து ஒரு படகு செய்து தன் தோட்டத்து ஏரியில் விட்டார். 1867-இல் மோனியே என்ற தோட்டக்காரர் கம்பி வைத்த சிமெண்டுத் தொட்டிகளுக்கு உரிமம் வாங்கினார். ஏரியும் பூந்தொட்டியும் நல்ல தண்ணீர். உப்புத் தண்ணீரில் அந்த ஆயுதமே எதிரியாகிவிடும்.

இந்த விஷயத்தைத் தெரிந்துகொண்ட பிறகுதான் எனக்கு டெட்ராபாடு புரிந்தது. மும்பை மரீன் டிரைவுக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள், கடலோரத்தில் நான்கு கால் கான்கிரீட் உருவங்கள் ஒன்றோடு ஒன்று கோத்துக் கிடக்கும். 1950-இல் பிரான்சின் கிரெனோபிள் நகரத்து நீரியல் ஆய்வகத்தில் கண்டுபிடித்தது. அதற்குள் பொதுவாகக் கம்பி கிடையாது. எடைதான் அதன் வேலை. கம்பி இல்லையென்றால் துருவும் இல்லை.

ஆனால் அதிலும் கியூப் எண் மட்டும் போதாது. 1978 பிப்ரவரியில் போர்ச்சுகலின் சீனெஷ் துறைமுகத்தில் ஒரு புயல். அங்கே ஒவ்வொன்றும் 42 டன் எடையுள்ள, டோலோஸ் என்ற வேறு வகைக் கான்கிரீட் உருவங்களை அடுக்கியிருந்தார்கள். அலையில் ஆடி, ஒன்றோடு ஒன்று மோதி, அவற்றில் பெரும்பகுதி உடைந்துபோயின. ஒரு உருவத்தை எல்லாப் பக்கமும் இரண்டு மடங்கு பெரிதாக்கினால் எடை எட்டு மடங்கு ஆகும். உடையக்கூடிய குறுக்குவெட்டு நான்கு மடங்குதான் ஆகும். கலவை அதே கலவைதான். 15 சென்டிமீட்டர் கட்டிக்கு இது எப்படித் தெரியும்? அதனால்தான் இப்படிப்பட்ட உருவங்களை முழு அளவில் வார்த்து, தூக்கிக் கீழே போட்டு உடைகிறதா என்றும் பார்க்கிறார்கள்.

நின்றுகொண்டிருக்கும் பழைய சுவரைச் சோதிக்கவும் வழிகள் இருக்கின்றன. முதல் வழி நம் வீட்டுப் பெண்கள் சந்தையில் மண்பானைக்குச் செய்வதுதான்: தட்டிப் பார்ப்பது. சுத்தியலால் தட்டினால் நல்ல இடம் கணீரென்று கேட்கும். உள்ளே விட்டுப்போன இடம் பொத்தென்று கேட்கும். அடுத்து, ஸ்பிரிங் வைத்த ஒரு சுத்தியல். அது எவ்வளவு எகிறித் திரும்புகிறது என்பதைக் கொண்டு மேற்பரப்பு எவ்வளவு கெட்டி என்று சொல்வார்கள். ஒரு பக்கம் ஒலியை அனுப்பி மறுபக்கம் எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று பார்ப்பதும் உண்டு. நொடிக்கு நாலரை கிலோமீட்டருக்கு மேல் போனால் மிக நல்ல கான்கிரீட். வெட்டிய முகத்தில் வெள்ளி நைட்ரேட் கரைசலைத் தெளித்தால் உப்பு ஊறிய தூரம்வரை வெளுத்துத் தெரியும்.

கம்பியின் மின்னழுத்தத்தை அளப்பது இன்னொன்று. செப்பு சல்பேட் மின்முனையை வைத்து அளக்கும்போது மைனஸ் 350 மில்லிவோல்ட்டுக்கும் கீழே போனால், உள்ளே துரு நடந்துகொண்டிருக்க 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு என்று கணக்கு. வெளியே ஒரு வெடிப்பும் தெரியாத காலத்திலேயே இது சொல்லிவிடும். நமக்கு ரத்தத்தில் சர்க்கரை பார்ப்பதுபோலத்தான். காலில் புண் வந்த பிறகு பார்த்து என்ன பயன்?

நம் பழைய துறைமுகப் பாலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 1866-இல் போட்ட இரும்புப் பாலம் 1952 புயலில் போயிற்று என்று அப்பா சொல்வார். நான் பள்ளிக்கூடப் பையனாக இருந்தபோது அதற்குப் பதிலாகக் கான்கிரீட் பாலம் வந்தது. இரும்பு போய்விட்டது, இது என்றைக்கும் இருக்கும் என்றுதான் பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். 2022 மார்ச்சில் கடல் கொந்தளித்தபோது அதிலும் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. கான்கிரீட் பாலத்துக்குள்ளும் இரும்புதான் இருந்தது, வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான்.

எண்ணைப் பார்த்துப் பார்த்துப் பழகிய என்னைப் போன்றவர்களுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. கியூப் பொய்யில்லை. அது சொல்வதை அது சரியாகத்தான் சொல்கிறது: இந்தக் கலவை, இந்தப் பெட்டியில், 28 நாள் தண்ணீரில் இருந்து, இவ்வளவு தாங்கியது. கம்பியை மேஸ்திரி எங்கே கட்டினார், கவர் பிளாக் வைத்தாரா, வைப்ரேட்டர் ஓடியதா, வாட்ச்மேன் கோணியை நனைத்தாரா என்று அதனிடம் நாம் கேட்கவே இல்லை. கடல் கேட்பது இவற்றைத்தான். நான் சரிபார்த்த அந்தப் பதிவேட்டில் வார்த்த தேதிக்குக் கட்டம் இருந்தது, சோதித்த தேதிக்கு இருந்தது, சராசரிக்கு இருந்தது. கவருக்கு ஒரு கட்டம் இல்லை. இல்லாத கட்டத்தை எந்தக் குமாஸ்தாவாலும் சரிபார்க்க முடியாது.

2000-ஆம் ஆண்டில் திருத்திய நம் நாட்டு விதியில் கடலோரத்துக் கம்பி கான்கிரீட்டுக்குக் குறைந்தது எம்-30 கலவை வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். கடல் நீர் தெறிக்கும் இடத்துக்கு 50 மில்லிமீட்டர் கவர், அலை ஏறி இறங்கும் இடத்துக்கு 75 மில்லிமீட்டர். 75 மில்லிமீட்டர் என்றால் மூன்று அங்குலம். நாங்கள் கம்பி தெரியப் பார்த்த இடத்தில் ஓர் அங்குலம் இல்லை என்பதை இதோடு வைத்துப் பாருங்கள்.

பலமான சுவர் கட்டிவிட்டால் கடல் அரிப்பு நின்றுவிடும் என்றும் சொல்ல வரவில்லை. சுவர் தன் பின்னால் இருப்பதைத்தான் காக்கும். முன்னால் இருக்கும் மணலை அது கொண்டுவராது. கடற்கரைச் சாலையில் தலைமைச் செயலகத்துக்கு எதிரே 2018-இல் கடலுக்குள் அமைப்பை இறக்கி, தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனத்தார் ஓரளவு மணலைத் திரும்ப வரச் செய்ததை நாம் பார்த்தோம். ஆனால் சுவருக்குப் பின்னால் படுத்துத் தூங்குகிறவர்கள் இருக்கும்வரை சுவரும் நன்றாக இருந்தாக வேண்டும்.

உங்களில் பலருடைய பிள்ளைகள் இப்போது கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி வீடு கட்டுகிறார்கள். அது கடல் சுவர் இல்லைதான். ஆனாலும் உப்புக் காற்று உப்புக் காற்றுதான். கட்டடக்காரர் கியூப் ரிப்போர்ட்டை நீட்டினால் வாங்கிப் பாருங்கள், தேதியையும் கிழமையையும் சரிபாருங்கள். அதோடு நிற்காதீர்கள். கம்பி கட்டி முடித்து, கான்கிரீட் போடுவதற்கு முந்தின நாள் சாயந்திரம், ஒரு ஸ்கேலை எடுத்துக்கொண்டு போய்க் கம்பிக்கும் சென்ட்ரிங் பலகைக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது என்று நாலு இடத்தில் அளந்து பாருங்கள். அளந்ததை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். கட்டம் இல்லையென்றால் நீங்களே ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.